மாநிறத் தோலுக்கு எந்த லேசர்? 755, 808, 1064 என்ற எண்களுக்கு என்ன அர்த்தம்?

நீலவானம் | திங்கள், இரவு 9.40

எனக்குத் தாடையிலும் மேலுதட்டிலும் தடித்த முடி வளர்கிறது. பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் சிக்கல் இருக்கிறது, அதற்கு மருந்து தனியாக எடுக்கிறேன். முடிக்கு லேசர் செய்துகொள்ளலாம் என்று விசாரித்தால் ஒவ்வொரு கிளினிக்கும் ஒவ்வொரு எண்ணைச் சொல்கிறது. ஓர் இடத்தில் 755 அலெக்ஸாண்ட்ரைட், "முடிக்கு இதுதான் வேகம்" என்கிறார்கள். இன்னோர் இடத்தில் 808 டயோடு. மூன்றாவது இடத்தில் 1064 என்டி-யாக், "உங்கள் நிறத்துக்கு இதைத் தவிர எதையும் தொடாதீர்கள்" என்றார்கள். நான் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு.

எங்கே போகலாம் என்று நான் கேட்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பு வரை இயற்பியல் படித்திருக்கிறேன். இந்த எண் மாறினால் தோலுக்குள் என்ன மாறுகிறது என்று புரிந்தால் நானே முடிவெடுத்துக்கொள்வேன்.

சுண்டெலி77 | திங்கள், இரவு 10.05

எல்லாம் ஒன்றுதான். வேரைச் சூடாக்கி எரிக்கிறார்கள். எந்த மிஷின் என்பதெல்லாம் விளம்பரம். விலை குறைவாக இருக்கும் இடத்துக்குப் போங்கள்.

ஒளிக்கற்றை | திங்கள், இரவு 11.20

சுண்டெலி சொன்னதில் பாதி சரி. சூட்டால் அழிப்பதுதான் வேலை. ஆனால் சூடு மட்டும் போதும் என்றால் லேசரே தேவையில்லை, பழுக்கக் காய்ச்சிய ஊசி போதும். வேர் வேக வேண்டும், அதற்கு மேலே இருக்கும் தோல் வேகக் கூடாது. கஷ்டமே அங்கேதான்.

நான் கல்லூரியில் ஒளியியல் நடத்துபவன், மருத்துவர் இல்லை. இயற்பியலை மட்டும் சொல்கிறேன். நீங்கள் கேட்ட 755, 808, 1064 எல்லாம் ஒளியின் அலைநீளம், நானோமீட்டரில். அலெக்ஸாண்ட்ரைட், டயோடு, என்டி-யாக் என்பவை அந்த ஒளியைத் தரும் லேசர் வகைகள்.

1960-இல் மெய்மன் என்பவர் உலகின் முதல் லேசரான ரூபி லேசரை ஒளிரச் செய்த சில ஆண்டுகளிலேயே அமெரிக்காவின் சின்சினாட்டியில் லியோன் கோல்ட்மன் என்ற தோல் மருத்துவர் அதைத் தோலில் சோதித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். அப்புறம் ஆர்கான் லேசர் வந்தது. முகத்தில் பிறவியிலேயே இருக்கும் சிவப்பு மச்சங்களுக்கு அதைப் பயன்படுத்தினார்கள். மச்சம் மங்கியது, ஆனால் பலருக்குத் தழும்பு விழுந்தது. ஒளி சரியான நிறமியில்தான் போய் விழுந்தது. விட்டுவிட்டுப் பாயாமல் தொடர்ந்து பாய்ந்ததால் சூடு பக்கத்துத் திசுவுக்கெல்லாம் பரவிவிட்டது.

இதற்கு விடை 1983-இல் வந்தது. ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இருவர் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை. இன்று தோல் கிளினிக்கில் இருக்கும் பெரும்பாலான லேசர்கள் அந்தக் கட்டுரையின் மேல்தான் நிற்கின்றன. அதில் முதல் விஷயம், இலக்கு அதிகமாகவும் சுற்றுப்புறம் குறைவாகவும் உறிஞ்சும் அலைநீளத்தைத் தேர்ந்தெடுப்பது. இது முன்பே ஓரளவு தெரிந்ததுதான். இரண்டாவதுதான் புதியது: ஒளி பாயும் நேரம், இலக்கு தன் சூட்டை அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து ஆறுவதற்கு ஆகும் நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

இந்த ஆறும் நேரம் பொருளின் அளவைப் பொறுத்தது. தாளித்த கடுகு நொடியில் ஆறிவிடும், அவித்த சேனைக்கிழங்கை வெட்டினால் உள்ளே இன்னும் ஆவி பறக்கும். கணக்கில் இது விட்டத்தின் இருமடியாக வரும். விட்டம் 10 மடங்கானால் ஆறும் நேரம் 100 மடங்கு. தோலின் வெப்பப் பரவல் எண்ணைப் போட்டுப் பாருங்கள். 0.1 மில்லிமீட்டர் ரத்தக்குழாய்க்குச் சுமார் 5 மில்லி விநாடி வரும். 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் மயிர்க்காலுக்கு 20 முதல் 40 மில்லி விநாடி. தோலுக்கும் முடிக்கும் நிறம் தரும் மெலனினின் ஒரு மைக்ரோமீட்டர் மணிக்கு ஒரு மைக்ரோ விநாடிகூட இல்லை. அதையும்விடப் பத்து மடங்கு சிறிய டாட்டூ மைத்துகளுக்குச் சில நானோ விநாடி.

ஒரே என்டி-யாக் படிகம்தான், ஒரே 1064 நானோமீட்டர்தான். மில்லி விநாடிக் கணக்கில் பாய்ந்தால் முடியை எடுக்கும், நானோ விநாடிக் கணக்கில் பாய்ந்தால் குத்திய பச்சையை அழிக்கும். அதனால் அலைநீளத்தை மட்டும் சொல்லும் கிளினிக் பாதித் தகவலைத்தான் தருகிறது.

முடியில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. ஒளியை உறிஞ்சுவது மெலனின் உள்ள தண்டும் குமிழும். அழிய வேண்டியதோ அவற்றுக்குச் சற்று வெளியே மயிர்க்கால் சுவரில் இருக்கும் குருத்தணுக்கள். அவற்றில் நிறமி கிடையாது. தண்டில் பிறந்த சூடு அங்கே போய்ச் சேர வேண்டும், அதற்கு மேல் பரவக் கூடாது. அதனால்தான் முடிக்கான துடிப்பை, அதாவது ஒளி ஒரு முறை பாயும் நேரத்தை, வேண்டுமென்றே நீளமாக வைக்கிறார்கள்.

நீலவானம் | செவ்வாய், காலை 7.15

மிக்க நன்றி. இப்போது ஒன்று உறுத்துகிறது. முடியில் இருக்கும் மெலனின்தான் இலக்கு என்றால், என் தோலிலும் அதே மெலனின்தானே இருக்கிறது? ஒளி முதலில் அதைத்தானே தாண்டிப் போக வேண்டும்?

ஒளிக்கற்றை | செவ்வாய், காலை 8.30

ஆமாம், நீங்கள் பிடித்ததுதான் முக்கியமான இடம். மேல்தோலில் இருக்கும் மெலனின் வேருக்குப் போட்டி. வெள்ளைக்காரர்களின் தோலையும் கறுத்த முடியையும் வைத்து உருவான முறை நம் தோலுக்கு அப்படியே பொருந்தாமல் போவது இதனால்தான்.

அலைநீளம் கூடக்கூட மெலனின் உறிஞ்சுவது குறையும். 1064-இல் அது உறிஞ்சுவது 755-இல் உறிஞ்சுவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். 808 இரண்டுக்கும் நடுவே, ஆனால் 755 பக்கம் நெருங்கியது. அலைநீளம் கூடினால் தோலுக்குள் ஒளி சிதறுவதும் குறையும், ஆழமாக இறங்கும். வேர் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருப்பதால் 1064-க்கு இது இன்னொரு சாதகம்.

அப்புறம் துடிப்பின் நீளம். மேல்தோல் ஏறக்குறைய 0.1 மில்லிமீட்டர் தடிமன்தான். அது ஆறச் சில மில்லி விநாடி முதல் 10 மில்லி விநாடி வரை போதும். துடிப்பை 30 மில்லி விநாடிக்கு நீட்டினால், ஒளி வந்துகொண்டிருக்கும்போதே மேல்தோல் தன் சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். தடித்த மயிர்க்கால் அதற்குள் ஆறாது.

மூன்றாவது, குளிர்ச்சி. சில கருவிகளில் நீலக்கல் முனையைச் சில்லென்று வைத்து அழுத்துவார்கள். சிலவற்றில் ஒவ்வொரு துடிப்புக்கும் சற்று முன்னால் குளிர் வாயு பீய்ச்சும். பீய்ச்சுவது சில பத்து மில்லி விநாடிதான் என்பதால் குளிர் மேல்தோலோடு நின்றுவிடும், வேர் வரை இறங்காது.

ஒளி விழும் வட்டத்தின் அகலமும் கணக்கில் சேரும். வட்டம் சிறிதானால் ஓரங்களில் சிதறிப் போகும் பங்கு கூடி ஆழம் குறையும். அதே ஆற்றல் அடர்த்தியை 6 மில்லிமீட்டர் வட்டத்திலிருந்து 15 மில்லிமீட்டர் வட்டத்துக்கு மாற்றினால் வேருக்குப் போய்ச் சேரும் ஒளி கூடும்.

தோல்மருத்துவர்_கோவை | செவ்வாய், மதியம் 2.10

ஒளிக்கற்றை ஐயா சொன்னதோடு ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் உடன்படுகிறேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தோல் வெயிலுக்கு எப்படி எதிர்வினை காட்டுகிறது என்பதை வைத்து 1975-இல் ஃபிட்ஸ்பேட்ரிக் வகுத்த வரிசையைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். கறுத்த தோலுக்கான 5, 6 என்ற வகைகள் பிற்பாடு சேர்ந்தவை. நம் ஊரில் என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் 4, 5. இவர்களுக்கு 755-ஐ அழுத்திக் கொடுத்தால் முதலில் கொப்புளம், பிறகு கருந்திட்டு. சில சமயம் வெள்ளைத் திட்டு, அது ஆற வெகுகாலம் பிடிக்கும். கருவியில் ஏற்கெனவே பதிந்து வரும் அளவுகளை நம் தோலில் கண்ணை மூடிக்கொண்டு வைக்கக் கூடாது.

நீலவானம், காதுக்குக் கீழேயோ தாடையின் ஓரத்திலோ சின்ன இடத்தில் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். உடனே பார்ப்பது போதாது, சில நாள் விட்டுப் பார்க்க வேண்டும். கறுத்த தோலில் சேதம் தாமதமாகவும் தெரியும். "சோதனையெல்லாம் தேவையில்லை, இன்றே பேக்கேஜ் தொடங்கலாம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வெயிலில் அலைந்து கறுத்திருக்கும் வாரங்களில் செய்யாதீர்கள்.

இப்போது நான் மாறுபடும் இடம். 1064 மேல்தோலுக்குப் பாதுகாப்பு என்பது உண்மை. ஆனால் வேரிலும் அது குறைவாகத்தான் உறிஞ்சப்படும். தடித்த கறுத்த முடிக்கு நன்றாக வேலை செய்யும், மெல்லிய முடிக்குத் திணறும். சிகிச்சை தொடர்ந்து முடி மெலியும்போது 1064 பலன் குறைவதைப் பார்க்கிறோம். அந்த நேரத்தில் நீண்ட துடிப்பும் நல்ல குளிர்ச்சியும் உள்ள 808 டயோடு, அனுபவம் உள்ள கையில், வகை 5-க்கும் பொருந்தும். கறுப்புத் தோல் என்றாலே 1064 மட்டும்தான் என்று முடித்துவிட முடியாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கிளினிக்கில் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். முகத்தில் மெல்லிய பூனைமுடி உள்ள இடத்தில் போதாத ஆற்றல் பட்டால் முடி குறைவதற்குப் பதில் கூடலாம். தெற்காசிய, மத்தியகிழக்குப் பெண்களிடம், அதிலும் ஹார்மோன் சிக்கல் உள்ளவர்களிடம் இது பதிவாகியிருக்கிறது. அதனால் தாடையில் தடித்த முடி உள்ள இடத்தோடு நிறுத்துங்கள். கன்னத்தையும் சேர்த்துச் செய்துவிடலாம் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பிசிஓஎஸ் இருக்கும்வரை புதிய முடி முளைக்கத் தூண்டுதல் இருந்துகொண்டே இருக்கும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏகூட "நிலையான குறைப்பு" என்று சொல்லத்தான் அனுமதிக்கிறது. முழுக்க நீக்கிவிடும் என்று சொல்ல விடுவதில்லை.

சுண்டெலி77 | செவ்வாய், மாலை 6.00

சரி, விலையை மட்டும் பார்த்துப் போகச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஒரு கேள்வி. 755, 808, 1064 மூன்றையும் ஒரே முனையில் தரும் மிஷின் இருக்கிறதாமே? மூன்றின் நன்மையும் கிடைக்குமா?

ஒளிக்கற்றை | செவ்வாய், மாலை 6.45

மூன்று அலைநீளமும் ஒரே நேரத்தில் வந்தால் மேல்தோல் மூன்றையும் சேர்த்தே வாங்குகிறது. 755-இன் பங்கை உங்கள் மெலனின் விட்டுவைக்காது. மொத்த ஆற்றலில் எந்த அலைநீளத்துக்கு எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். அதைச் சொல்ல முடியாதவரிடம் அந்தக் கருவி எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை.

தேனி_அம்மாச்சி | செவ்வாய், இரவு 8.20

என் பேத்தி இதைச் செய்துகொள்ளப் போகிறாள். கதிர்வீச்சு, புற்றுநோய் வரும் என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா தம்பி?

ஒளிக்கற்றை | செவ்வாய், இரவு 8.50

இல்லை அம்மா. எக்ஸ்ரே வேறு, இது வேறு. புற்றுநோய்க்கு வழிவைக்கும் கதிர்கள் செல்லின் மரபுப் பொருளான டிஎன்ஏவை நேராகத் தாக்கும் அளவுக்கு ஆற்றல் உள்ளவை. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரின் ஒரு துகளுக்குச் சுமார் 4 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். 755 லேசருக்கு 1.64, 1064-க்கு 1.17தான். எத்தனை கோடித் துகள் வந்தாலும் ஒவ்வொன்றும் தனித்தனியாக டிஎன்ஏவைத் தாக்கும் வலு இல்லாதது. சேர்ந்து சூடாக்கும், அவ்வளவே. பேத்திக்குப் புற்றுநோய் பயம் வேண்டாம். தீக்காயம் படாமல் பார்த்துக்கொள்வதில்தான் கவனம் வேண்டும்.

தோல்மருத்துவர்_கோவை | செவ்வாய், இரவு 9.15

அம்மா, ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். உடம்பில் நிறம் மாறும் மச்சமோ சந்தேகமான கட்டியோ இருந்தால் அதன்மேல் லேசர் படக் கூடாது, முதலில் மருத்துவரிடம் காட்ட வேண்டும். லேசர் அதை உண்டாக்காது. ஆனால் மேலே இருக்கும் நிறத்தை அழித்து நோயை மறைத்துவிடலாம்.

குமிழ் | புதன், காலை 6.50

லேசருக்கு முன் வேக்ஸிங், திரெட்டிங் கூடாது, ஷேவிங் செய்யலாம் என்கிறார்களே, ஏன்? அப்புறம் ஆன்லைனில் விற்கும் வீட்டுக் கருவியும் இதேதானா?

ஒளிக்கற்றை | புதன், காலை 7.40

வேக்ஸிங் தண்டை வேரோடு பிடுங்கிவிடும். உறிஞ்ச ஆள் இல்லாத வெற்றுக் குழியில் ஒளி போய் என்ன செய்யும்? ஷேவ் செய்தால் வெளியே நீட்டியிருப்பது மட்டும் போகும், உள்ளே தண்டு இருக்கும். வெளியே முடி இருந்தால் அது கருகித் தோலைச் சுடும், புகையும் வரும். பல தடவை வரச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. வளர்ச்சிக் கட்டத்தில் இருக்கும் முடியில்தான் குமிழ் நிறமியோடு இருக்கும். ஒரே நேரத்தில் எல்லா முடியும் அந்தக் கட்டத்தில் இருக்காது. நரைமுடியில் மெலனினே இல்லை, அதை எந்த லேசராலும் தொட முடியாது.

வீட்டுக் கருவிகள் பெரும்பாலும் லேசரே இல்லை, ஐபிஎல். கேமரா ஃப்ளாஷில் இருப்பது போன்ற செனான் விளக்கு. ஒற்றை அலைநீளம் கிடையாது, ஏறக்குறைய 500 முதல் 1200 நானோமீட்டர் வரை வரும் கலவையில் வடிகட்டி போட்டுக் கீழ்ப்பகுதியை வெட்டுகிறார்கள். வெட்டிய பிறகும் மிஞ்சும் குறுகிய அலைநீளங்களை மேல்தோல் மெலனின் அள்ளிக்கொள்ளும். அட்டைப்பெட்டியில் தோல் நிற வரிசை அச்சிட்டு, கறுத்த பக்கத்தில் பெருக்கல் குறி போட்டிருப்பார்கள். அந்தக் குறியை மதியுங்கள்.

பச்சைகுத்தியவன் | புதன், மதியம் 1.30

முன்கையில் ஒரு பெயர் குத்தியிருக்கிறேன், எடுக்க வேண்டும். கறுப்பு, நடுவே கொஞ்சம் சிவப்பு, பச்சை. பழைய மிஷினே போதும் என்கிறார் ஒருவர், பிகோ இல்லாமல் போகாது என்கிறார் இன்னொருவர். விலை இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

ஒளிக்கற்றை | புதன், இரவு 10.10

இயற்பியலாக எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

பழைய முறை கியூ-ஸ்விட்ச். லேசர் குழிக்குள் ஆற்றலைச் சேர்த்து வைத்து ஒரே அடியாகத் திறந்துவிடுவது. அரை ஜூல் ஆற்றலை 5 நானோ விநாடியில் கொட்டினால் அந்தக் கணத்தில் திறன் 10 கோடி வாட். மொத்த ஆற்றல் அற்பம், நேரம் அதைவிட அற்பம். மைத்துகள் நொடிக்குள் பல நூறு டிகிரி சூடாகி, விரிந்து, உடைகிறது. சிதறியதை உடம்பின் விழுங்கணுக்கள் சிறிது சிறிதாக அள்ளிப் போகின்றன. லேசர் பட்டவுடன் தோல் வெண்மையாகத் தெரிவது சூட்டில் உண்டான வாயுக் குமிழிகளால். சற்று நேரத்தில் மறைந்துவிடும்.

துகள் சுமார் 0.1 மைக்ரோமீட்டர். சூட்டைத் துகளுக்குள் அடைக்கச் சில நானோ விநாடிக்குள் துடிப்பு முடிய வேண்டும், 5 நானோ விநாடி அந்த விளிம்பில் இருக்கிறது. அழுத்தத்தையும் துகளுக்குள் அடைக்க வேண்டுமானால், ஒலி அந்தத் துகளைக் கடக்கும் நேரத்துக்குள் துடிப்பு முடிய வேண்டும். ஒலியின் வேகம் விநாடிக்கு 1500 மீட்டர் என்று வைத்தால் அது சுமார் 70 பிகோ விநாடி (ஆயிரம் பிகோ சேர்ந்தால் ஒரு நானோ). சந்தையில் உள்ள பிகோ கருவிகள் பல 300 முதல் 750 பிகோ விநாடி. அழுத்த அலைதான் துகளை உடைக்கிறது என்ற விளம்பர விளக்கத்தை அதனால் அப்படியே நம்ப வேண்டாம். அதே நேரம், 5 நானோ விநாடியைவிட இது பல மடங்கு குறுகியது என்பதும் மெய்தான். துகள் சிறிதாகச் சிறிதாக அதன் ஆறும் நேரமும் குறைவதால், சில சுற்று முடிந்து மிச்சம் இருக்கும் நுண்துகளுக்குப் பிகோ உதவும்.

நிறத்துக்கு வருவோம். கறுப்பு எல்லா அலைநீளத்தையும் உறிஞ்சும், 1064 போதும். சிவப்புக்கு 532 தேவை, பச்சைக்கு 694 அல்லது 755.

தோல்மருத்துவர்_கோவை | வியாழன், காலை 9.00

அந்த 532-தான் நம் தோலில் அபாயம். மேல்தோல் மெலனின் அதை வெகுவாக உறிஞ்சும். கறுப்பை முதலில் 1064-இல் எடுத்துவிட்டு, சிவப்பை எடுக்கத்தான் வேண்டுமா என்று பிறகு யோசியுங்கள். என் கருத்தில் கறுப்புக்கு மட்டும் என்றால் நல்ல கியூ-ஸ்விட்ச் போதும். பாட்டிமார் கையில் இருக்கும் பழைய பச்சை பெரும்பாலும் கரிதான், அது எளிதாகவே மங்கும். வெள்ளையோ தோல் நிறமோ கலந்த மை இருந்தால் கட்டாயம் முன்னரே சொல்லுங்கள். டைட்டானியம் டை ஆக்சைடு, இரும்பு ஆக்சைடு இருக்கும் மை லேசர் பட்டதும் கறுத்துவிடும். உதட்டிலும் புருவத்திலும் பார்லரில் போடும் நிரந்தர ஒப்பனையில் இவை சாதாரணம்.

இதே கியூ-ஸ்விட்ச் 1064-ஐக் குறைந்த ஆற்றலில் வைத்து 'டோனிங்' என்றும் 'வெள்ளையாக்கும் லேசர்' என்றும் விற்கிறார்கள். மங்கு உள்ள பெண்கள் தேடிப் போகிறார்கள். எனக்கு இதில் உண்மையாகவே கோபம் இருக்கிறது. மங்கில் குறை மெலனின் மணியில் இல்லை, அதை மிகையாக உண்டாக்கும் செல்லில் இருக்கிறது. மணியை உடைத்தால் கொஞ்ச காலம் தெளியும், நிறுத்தியதும் திரும்ப வரும். அடிக்கடி செய்தால் கன்னத்தில் மழைத்துளி போல வெள்ளைப் புள்ளிகள் விழும். என்னிடம் அப்படி வருபவர்களுக்கு மங்கைவிட அந்தப் புள்ளிகளை மறைப்பதுதான் கடினமாக இருக்கிறது. மங்குக்கு முதலில் பூச்சு மருந்தும் வெயில் காப்பும். வெயில் காப்பில் இரும்பு ஆக்சைடு கலந்த நிறமுள்ள கிரீமாகப் பாருங்கள். நம் தோலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைத் தூண்டும்.

குமிழ் | வியாழன், மாலை 5.20

பருத் தழும்புக்குச் செய்யும் சிஓ2 லேசரும் மெலனினைத்தான் குறிவைக்கிறதா?

ஒளிக்கற்றை | வியாழன், இரவு 9.30

இல்லை, அது தண்ணீரை. 10,600 நானோமீட்டர் அகச்சிவப்பு. தோலில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் முதல் சில பத்து மைக்ரோமீட்டரிலேயே முழுக்க உறிஞ்சப்பட்டு அந்த அடுக்கு ஆவியாகிவிடும். இந்த லேசரை 1964-இல் பெல் ஆய்வகத்தில் உருவாக்கியவர் குமார் படேல், மகாராஷ்டிரத்தின் பாராமதியில் பிறந்தவர். எர்பியம்-யாக் 2940 நானோமீட்டர். தண்ணீர் உறிஞ்சும் உச்சத்திலேயே அது உட்காருகிறது. சிஓ2-ஐவிடப் பத்து மடங்குக்கு மேல் உறிஞ்சப்படும். அதனால் இன்னும் மெல்லிய அடுக்கைச் சீவும், கீழே சூடு குறைவாகப் போகும். சூடு குறைவு என்றால் ரத்தக் கசிவு அதிகம், தோலை இறுக்கும் பலனும் குறைவு.

முன்பு முகம் முழுவதையும் சீவினார்கள். 2004-இல் வந்த யோசனை, நுண்ணிய தூண்களாக மட்டும் சுட்டு இடையிடையே நல்ல தோலை விட்டுவைப்பது. அந்த நல்ல தோலிலிருந்து செல்கள் நகர்ந்து வந்து விரைவாக மூடிவிடும். இதைத்தான் ஃப்ராக்ஷனல் என்கிறார்கள். தண்ணீரைக் குறிவைப்பதால் உங்கள் நிறம் உறிஞ்சுதலை மாற்றாது. ஆனால் ஆறும்போது கருந்திட்டு வருவது நிறத்தைப் பொறுத்ததுதான், அடர்த்தியைக் குறைத்துத் தொடங்கச் சொல்லுங்கள்.

நீலவானம் | வெள்ளி, காலை 8.00

விசாரித்த ஓர் இடத்தில் கண்ணுக்குப் பஞ்சை வைத்து டேப் ஒட்டுவோம் என்றார்கள். போதுமா? புருவத்துக்குக் கீழே இருக்கும் முடியையும் சேர்த்துச் செய்து தருவதாகவும் சொன்னார்கள்.

ஒளிக்கற்றை | வெள்ளி, காலை 8.40

போதாது. 1064 கண்ணுக்குத் தெரியாது, அதனால் கூசாது, இமை தானாக மூடாது. விழியின் முன்பகுதியை எளிதில் கடந்து லென்ஸால் குவிந்து விழித்திரையில் விழும்போது அடர்த்தி லட்சம் மடங்கு வரை கூடும். உங்களுக்குக் கண்ணை முழுக்க மூடும் உலோகக் கவசம் வேண்டும். அறையில் இருக்கும் மற்ற எல்லாருக்கும் அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி. கண்ணாடியின் நிறத்தைப் பார்க்காதீர்கள், அதன் மேல் அச்சிட்ட எண்ணைப் படியுங்கள். 1064 என்ற எண்ணும் அதற்கு ஒளித்தடை (OD) 5 அல்லது அதற்கு மேல் என்றும் இருக்க வேண்டும். 5 என்றால் லட்சத்தில் ஒரு பங்குதான் உள்ளே போகும். 10,600-க்கான கண்ணாடி 1064-ஐத் தடுக்காது.

தோல்மருத்துவர்_கோவை | வெள்ளி, காலை 10.15

புருவத்துக்குக் கீழே யார் சொன்னாலும் வேண்டாம். இமை மெல்லியது, அதன் பின்னாலேயே கருவிழியில் (பாவையைச் சுற்றியுள்ள ஐரிஸ் படலத்தில்) நிறைய மெலனின் இருக்கிறது. கவசத்தை மீறி ஒளி பட்டுக் கருவிழி சிதைந்து, பாவை வடிவம் மாறியவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். கண்குழி எலும்பின் விளிம்புக்குள் லேசர் வரவே கூடாது. அந்த இடத்துக்குத் திரெட்டிங் செய்துகொள்ளுங்கள்.